கோவா போறவங்க பீச்சுக்கு முன்னாடி பாக்க வேண்டிய இடம்: போக்மாலோ நேவல் ஏவியேஷன் மியூசியம்

கோவா போறவங்கள்ல முக்காவாசி பேரு டபோலிம்ல எறங்குன கையோட டாக்ஸி புடிச்சு கலங்கூட், பாகான்னு வடக்கால போயிடறாங்க. அதே ஏர்போர்ட் பக்கத்துல போக்மாலோ பீச்சுக்கு போற ரோட்டுல, வாஸ்கோ டவுன்ல இருந்து பாத்தா ஒரு 6 கிலோமீட்டர் இருக்கும், இந்திய கடற்படையோட விமான மியூசியம் இருக்கு, 1998 அக்டோபர்ல திறந்தது, இத்தன வருஷமாகியும் நம்ம ஊர் பசங்க கோவா ப்ளான் போடறப்ப இதோட பேரு வர்றதே இல்ல. குடும்பத்தோட போயிட்டு வந்ததுல இருந்து பாக்கறவங்ககிட்ட எல்லாம் இதப் பத்தியே பேசிட்டு இருக்கேன், சரி உக்காந்து எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4.5 குடுப்பேன். அந்த அரை மார்க் எதுக்குன்னு கீழ சொல்றேன்.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. நம்ம நாட்டோட முதல் விமானந்தாங்கி கப்பல் பழைய விக்ராந்த், 1961ல கடற்படைல சேந்து 1997 ஜனவரில ஓய்வு குடுத்தாங்க, கொஞ்ச வருஷம் மும்பைல மியூசியமா நின்னுச்சு, 2014ல உடைச்சுட்டாங்க, அதோட இரும்பைத்தான் பஜாஜ்காரங்க வாங்கி வி15 பைக்ல போட்டாங்க. அடுத்த கப்பல் விராட், 1987ல வந்து 2017 மார்ச்ல ஓய்வு, அதையும் குஜராத் அலங்குக்கு கொண்டு போயி பிரிச்சாச்சு. ரெண்டு கப்பலும் இப்ப இல்ல. அந்த டெக்குல, அதாவது கப்பலோட மேல்தளத்துல, ஏறி எறங்குன விமானங்கள கிட்ட நின்னு பாக்கணும்னா இருக்கற ஒண்ணு ரெண்டு இடத்துல இதுதான் முக்கியமானது, அதனாலதான் இந்த மியூசியத்த சும்மா செல்ஃபி ஸ்பாட்டா பாக்க எனக்கு மனசு வரல.

உள்ள நுழைஞ்ச உடனே கண்ணு போறது ஒரே பக்கம்தான், அந்த பெரிய சூப்பர் கான்ஸ்டலேஷன். லாக்ஹீட் கம்பெனி விமானம், 4 ப்ரொபெல்லர், உடம்பு நேரா குழாய் மாதிரி இல்லாம மூக்குல இருந்து வால் வரைக்கும் லேசா வளைஞ்சு போகும், ஜெட் வர்றதுக்கு முன்னாடி பணக்காரங்க பறந்த விமானம் இது. ஏர் இந்தியா வாங்குன சூப்பர் கான்ஸ்டலேஷன் எல்லாத்துக்கும் ராணின்னுதான் பேரு வச்சாங்க, இதுவும் அங்க பயணிகள ஏத்திட்டு பறந்ததுதான், அப்புறம் ஜெட் வந்ததும் விமானப்படைக்கு போச்சு, 1976ல கடற்படைக்கு வந்து கடல் மேல ரோந்து சுத்துச்சு. ஒரே விமானம் மூணு வேலை பாத்திருக்கு. என் பையன் வால் பக்கம் நின்னுட்டு "அப்பா, இதுக்கு மட்டும் ஏன் மூணு வால்?"னு கேட்டான். அந்த காலத்து ஹேங்கர், அதான் விமானம் நிறுத்தற கொட்டகை, அதோட கதவு உசரம் கம்மி, ஒரே வாலா வச்சா அது ரொம்ப உசரமா போயி உள்ள நுழையாது, அதான் மூணா பிரிச்சு குட்டையா வச்சாங்கன்னு சொன்னேன். அப்படியே முன்னாடி வந்து மூக்கு சக்கரத்தோட கால பாருங்க, ஒல்லியா எவ்ளோ நீளமா இருக்குன்னு. ப்ரொபெல்லர் அவ்ளோ பெருசு, தரைல இடிக்காம இருக்கணும்னா விமானமே உசரமா நிக்கணும். எஞ்சின் ஒவ்வொண்ணுக்கும் 18 சிலிண்டர், புகை வெளிய போற வேகத்துலயே ஒரு டர்பைன சுத்த விட்டு அந்த பவர திரும்ப எஞ்சினுக்கே குடுக்கற மாதிரி செஞ்சிருப்பாங்க, பிஸ்டன் எஞ்சின் டெக்னாலஜி போன கடைசி உசரம்னு அத சொல்லலாம், மெக்கானிக்குங்களுக்கு அது குடுத்த தலைவலியும் அதே அளவுக்கு. உலகத்துல இந்த மாடல் கைவிரல் விட்டு எண்ணற அளவுலதான் நல்லபடியா மிச்சம் இருக்கு, அதுல ஒண்ணு நம்மகிட்ட இருக்குங்கறதே எனக்கு பெரிய சந்தோஷம்.

இத ஓட்டுன ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, நம்பர் 312. அந்த 312தான் பின்னாடி 1988ல ரஷ்யாவோட டுப்போலெவ் 142 வாங்கி, 1992ல நம்ம அரக்கோணம் ராஜாளி தளத்துக்கு குடி வந்துச்சு. அரக்கோணம் பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு அந்த டுப்போலெவ் சத்தம் இன்னும் காதுல இருக்கும், 2017 மார்ச் கடைசில அத நிறுத்துனாங்க, இப்ப அங்க இருந்து பி-8ஐங்கற ரோந்து விமானம் பறக்குது. ஆக அரக்கோணத்து மேல சுத்தற விமானத்தோட தாத்தா போக்மாலோல நிக்குது.

அடுத்து சீ ஹாக், விக்ராந்த்ல இருந்து பறந்த ஜெட் சண்டை விமானம். எனக்கு அங்க ரொம்ப புடிச்சது இதுதான், கோயமுத்தூர்காரங்க எல்லாரும் இத கண்டிப்பா பாக்கணும், காரணம் சொல்றேன். விக்ராந்துக்காக சீ ஹாக், அலிஸேன்னு ரெண்டு ரக விமானம் வாங்குனப்ப அதுங்கள வச்சுக்க கடற்படைக்கு நல்ல தளம் வேணும், அப்ப கோவா இன்னும் போர்ச்சுக்கீசியர் கைல. அதனால சூலூர்ல தான் ஆரம்பிச்சாங்க. இப்ப டபோலிம்ல இருக்கற ஐஎன்எஸ் ஹன்சாங்கற கடற்படை விமான தளமே 1961 செப்டம்பர்ல சூலூர்ல பிறந்தது. அந்த டிசம்பர்லயே கோவா விடுதலை ஆயிடுச்சு, நம்ம கேன்பெரா விமானங்க டபோலிம் ரன்வேல குண்டு போட்டுச்சு, அப்புறம் அதே ரன்வேய சரி பண்ணி 1964ல ஹன்சாவ சூலூர்ல இருந்து இங்க மாத்துனாங்க. இன்னிக்கு சூலூர்ல தேஜஸ் பறக்கறது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னாடி அங்க கடற்படை ஜெட் பறந்த கதை நம்ம ஊர்லயே முக்காவாசி பேருக்கு தெரியாது.

சீ ஹாக்க கிட்ட போயி பாருங்க. பொதுவா ஜெட்டுக்கு புகை வால் வழியா தானே வரும், இதுக்கு வால்ல ஓட்டையே இருக்காது, ரெக்கை உடம்போட சேர்ற எடத்துல பின்பக்கமா ரெண்டு சைடுலயும் ஒவ்வொரு வாய் இருக்கும், எஞ்சின் புகை ரெண்டா பிரிஞ்சு அது வழியா வெளிய போகும், அதனால உடம்போட பின்பாதி காலி, அங்க எரிபொருள் டேங்க் வச்சுக்கலாம். கடல் மேல தூரம் போகணும்ல. அப்புறம் ரெக்கைல மடிக்கற கோடு தெரியும், கப்பல் உள்ள ஹேங்கர்ல இடம் கம்மி, ரெக்கைய மேல மடிச்சு வச்சாதான் அடுக்க முடியும். கடைசியா வாலுக்கு அடில குனிஞ்சு பாருங்க, அந்த கொக்கி. இந்த மொத்த மியூசியத்துக்கும் அந்த கொக்கிதான் உயிர்னு நான் சொல்வேன். விக்ராந்தோட மொத்த நீளமே சுமாரா 213 மீட்டர், அதுல எறங்கறதுக்கு கிடைக்கறது அதுலயும் கொஞ்சம், கப்பல் ஆடிட்டே முன்னாடி போயிட்டு இருக்கும், விமானி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு பக்கத்து வேகத்துல வந்து டெக்குக்கு குறுக்க கட்டியிருக்கற கேபிள்ல ஒண்ண இந்த கொக்கில மாட்டணும், மாட்டலன்னா எஞ்சின முழு பவர்லயே வச்சு அப்படியே திரும்ப மேல ஏறணும். பகல்ல பண்றதே கஷ்டம், ராத்திரில பண்ணியிருக்காங்க.

1961 மே 18ல விக்ராந்த் டெக்குல முதல்ல எறங்குன இந்திய விமானி லெப்டினன்ட் தஹிலியானி, சீ ஹாக்லதான் எறங்குனார், அந்த லெப்டினன்ட் பின்னாடி 1984ல கடற்படை தளபதியாவே ஆனார்.

அப்புறம் 1971 பாகிஸ்தான் போர். இந்த இடத்துல கொஞ்சம் நீளமா எழுதறேன், மன்னிச்சு படிங்க, ஏன்னா இந்த கதை தெரிஞ்சுட்டு அந்த விமானத்துக்கு முன்னாடி நிக்கறதும் தெரியாம நிக்கறதும் ஒண்ணு இல்ல. அந்த வருஷம் விக்ராந்தோட 4 பாய்லர்ல ஒண்ணுல விரிசல், முழு வேகம் போக முடியாது, விமானங்கள கேட்டபல்ட், அதாவது டெக்குல இருக்கற உந்தி எறியற கருவி, வச்சு எறியறதுக்கு எதிர்காத்து வேணும், கப்பல் வேகமா ஓடுனாதான் அந்த காத்து கிடைக்கும். பாதி பேரு இந்த கப்பல போருக்கு கொண்டு போகவே வேண்டாம்னு நெனச்சப்ப, மீதி பேரு கொண்டு போயே தீருவோம்னு நின்னாங்க. பாகிஸ்தான் காஸின்னு ஒரு நீர்மூழ்கிய விக்ராந்த தேடி மூழ்கடிக்கறதுக்குன்னே வங்கக்கடலுக்கு அனுப்புச்சு. கிழக்கு கடற்படை தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவில்ல பிறந்தவர், அவர் பண்ண வேலைய பாருங்க. விக்ராந்த அந்தமான்ல கொண்டு போயி ஒளிச்சு வச்சுட்டு, ராஜ்புட்னு ஒரு பழைய டெஸ்ட்ராயர் ரக போர்க்கப்பல விசாகப்பட்டினத்துக்கு வெளிய அனுப்பி அதுதான் விக்ராந்த்ங்கற மாதிரி ரேடியோல பேச விட்டாரு. மெட்ராஸ் துறைமுகத்துல பெரிய கப்பலுக்கு இடம் வேணும்னு சொல்லி வச்சு, விசாகப்பட்டினம் காண்ட்ராக்டர்ங்ககிட்ட கறியும் காய்கறியும் ஏகப்பட்டதுக்கு ஆர்டர் குடுத்தாரு, பெரிய கப்பல்ங்க அங்கதான் இருக்குன்னு ஊரே நம்பணும்னு, உளவாளி காதுக்கும் அது போகணும்னு. மார்க்கெட்டு ஆர்டர் ஒண்ணு போர் தந்திரமா ஆயிருக்கு பாருங்க. காஸி டிசம்பர் 3 ராத்திரிக்கும் 4 விடியறதுக்கும் நடுவுல விசாகப்பட்டினம் கிட்ட மூழ்கி போச்சு. 4ஆம் தேதி விக்ராந்த்ல இருந்து கிளம்புன சீ ஹாக்குங்க காக்ஸ் பஜார், சிட்டகாங்னு விமான தளத்தையும் துறைமுகத்தையும் அடிச்சு நொறுக்குச்சு, ஒயிட் டைகர்ஸ்ங்கற அந்த 300ஆம் நம்பர் ஸ்குவாட்ரனோட தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தாவுக்கு மகாவீர் சக்ரா கிடைச்சுது.

அதே கப்பல்ல கூடவே போனது அலிஸே, பிரெஞ்சு விமானம், பக்கத்துலயே நிக்கும். ஜெட்ட பாத்த கண்ணுக்கு இது குண்டா மெதுவா தெரியும், ஆனா வேலை வேற, நீர்மூழ்கி வேட்டை. உள்ள 3 பேரு. வயித்துல ரேடார் இருக்கும், வேணும்ங்கறப்ப கீழ எறக்கிப்பாங்க. ரெக்கைக்கு அடில தொங்கற நீளமான அந்த ரெண்டு பொட்டி எதுக்குன்னு பல பேரு யோசிப்பாங்க, சக்கரம் அதுக்குள்ளதான் போகும், கடல்ல போடற சோனோபாயும் அதுலதான் அடுக்கியிருப்பாங்க, தண்ணில மிதந்துட்டு நீர்மூழ்கி சத்தத்த கேட்டு மேல சொல்ற கருவி அது. எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட், நம்ம ஊர்ல ஒரு காலத்துல பயணிகள் சர்வீஸ்ல ஓடுன ஆவ்ரோ விமானத்துலயும் அதே குடும்ப எஞ்சின்தான். 1971 டிசம்பர் 10ல ஒரு அலிஸேய பாகிஸ்தானோட எஃப்-104 சுட்டு வீழ்த்துச்சு. ஜெட் ஃபைட்டர் துரத்துனா இந்த ப்ரொபெல்லர் விமானம் எங்க ஓடும்? அதுல போனவங்க திரும்பி வரல. அலிஸேக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, அவசரப்படாதீங்க.

சின்ன விமானங்கள பல பேரு தாண்டி போயிடறாங்க. ஆனா சீலேண்ட் பக்கம் போகாம வந்துடாதீங்க, படகு மாதிரி அடிவயிறு, தண்ணிலயும் எறங்கும் தரைலயும் எறங்கும், நம்ம கடற்படை வாங்குன முதல் விமானம் இந்த ரகம்தான், 1953ல கொச்சில தொடங்குன கதை, கொச்சி கருடா தளமும் அதே வருஷம் மே மாசம்தான் ஆரம்பிச்சுது. பக்கத்துல ஃபயர்ஃப்ளை, கப்பல் பீரங்கிக்காரங்க சுட்டு பழகறதுக்கு பின்னாடி ஒரு இலக்க கயித்துல கட்டி இழுத்துட்டு பறக்கற வேலை, அந்த விமானிக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு யோசிங்க. வேம்பயர், டவ் எல்லாம் இருக்கு, ஹெச்டி-2வும் இருக்கு, ஹெச்ஏஎல்ல டாக்டர் காட்கே டிசைன் பண்ணி 1951ல பறந்த நம்ம சொந்த பயிற்சி விமானம்.

இப்ப சீ ஹாரியர். பசங்கள கூட்டிட்டு போனா அவங்க இங்கதான் நிப்பாங்க, நகர மாட்டாங்க. 1983 டிசம்பர் 16ல முதல் ஹாரியர்ங்க கோவால வந்து எறங்குச்சு, கூட்டிட்டு வந்தவர் கமாண்டர் அருண் பிரகாஷ், அவரும் பின்னாடி கடற்படை தளபதி ஆனவர். அதே ஒயிட் டைகர்ஸ் ஸ்குவாட்ரன்தான், சீ ஹாக்குல இருந்து இதுக்கு மாறுனாங்க, 2016 மே வரைக்கும் ஓட்டுனாங்க. நின்ன எடத்துல இருந்து மேல எழும்பும், அந்தரத்துல நிக்கும், செங்குத்தா எறங்கும்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, ஆனா எப்படின்னு கண்ணால பாக்க இத விட நல்ல சான்ஸ் கிடைக்காது. பக்கவாட்டுல நின்னு பாருங்க, ஒரு சைடுக்கு ரெண்டு, மொத்தம் நாலு வாய் இருக்கும், எஞ்சின் ஒண்ணேதான், முன்னாடி ரெண்டுல குளுந்த காத்து, பின்னாடி ரெண்டுல கொதிக்கற புகை. பின்வாய்க்கு பின்னாடி உடம்புல தனியா ஒரு உலோக தகடு பதிச்சிருப்பாங்க, சூட்டுல உடம்பு கருகாம இருக்க. காக்பிட்ல விமானியோட இடது கை பக்கம் எஞ்சின் லீவர் கூட இன்னொரு லீவர், அத நகத்துனா நாலு வாயும் ஒண்ணா திரும்பும், கீழ பாத்தா மேல தூக்கும், பின்னால பாத்தா முன்னால தள்ளும். சரி, அந்தரத்துல நிக்கறப்ப ரெக்கைக்கு கீழ காத்தே ஓடாதே, அப்ப எப்படி பேலன்ஸ் பண்றாங்க? மூக்கு நுனி, வால் நுனி, ரெண்டு ரெக்கை நுனி, அங்கல்லாம் குட்டி குட்டியா துளை இருக்கும், எஞ்சின்ல இருந்து காத்த எடுத்து அது வழியா பீச்சி விடறாங்க, தேடி பாருங்க தெரியும். எஞ்சின் சூடு ஏறாம இருக்க தண்ணி வேற தெளிக்கணும், அந்த தண்ணி ஒண்ணரை நிமிஷம் அளவுக்குத்தான் வரும், அதுக்குள்ள எறங்கியாகணும். ரெக்கைல தொங்கற அந்த ஒல்லி சக்கரம் ரெண்டும் விமானம் சாயாம இருக்கத்தான், நடு சக்கரங்க எல்லாம் ஒரே கோட்டுல இருக்கறதால.

விராட் பத்தி இங்க ஒரு வார்த்தை. அது பிரிட்டன்ல ஹெர்மிஸ்ங்கற பேர்ல இருந்த கப்பல், மூக்கு பக்கம் 12 டிகிரிக்கு மேல வளைஞ்ச டெக்கு, ஹாரியர் அதுல ஓடி வந்து எழும்பும். இந்த ஹெர்மிஸுக்கு முன்னாடி அதே பேர்ல இன்னொரு ஹெர்மிஸ் இருந்துச்சு, 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்க திருகோணமலைய அடிச்ச அன்னிக்கே மட்டக்களப்புக்கு வெளிய கடல்ல மூழ்கடிக்கப்பட்டது, இன்னும் அங்க கடலடிலதான் கெடக்கு, டைவிங் பண்றவங்க போயி பாக்கறாங்க. மட்டக்களப்பு பக்கத்து வாசகர்களுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

ஹெலிகாப்டர்ல சீ கிங், கமோவ் 25, சேத்தக், ஹ்யூஸ்னு இருக்கு. கமோவ் பாக்க வேடிக்கையா இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு ரோட்டர், எதிர் எதிரா சுத்தும், அதனால வால்ல தனி விசிறி தேவையில்ல, உடம்பு குட்டையா இருக்கும், கப்பல்ல சின்ன ஹேங்கர்ல அடங்கிடும். 80கள்ல ரஷ்யாவுல இருந்து வந்த ராஜ்புட் ரக கப்பல்ங்களோட வந்தது. மேல சொன்ன 1971 ராஜ்புட் வேற, இது வேற, பேரு மட்டும் ஒண்ணு. சீ கிங் அடிய பாருங்க, படகு ஷேப், இதுவும் நீர்மூழ்கி வேட்டைக்காரன், கடல் மேல அந்தரத்துல நின்னுட்டு கயித்துல சோனாருங்கற ஒலி கருவிய தண்ணிக்குள்ள எறக்கி கேக்கும்.

கட்டடத்துக்குள்ள விக்ராந்த், விராட் மாடல், குண்டுகள், ஆயுதங்கள், யூனிஃபார்ம், பழைய ஃபோட்டோன்னு ரூம் ரூமா வச்சிருக்காங்க. கப்பல் மாடல நல்லா பாத்துட்டு வெளிய வந்து சீ ஹாக்க இன்னொரு தடவை பாருங்கன்னு சொல்வேன், இந்த விமானம் அந்த டெக்குல எந்த மூலைல எறங்கியிருக்கும்னு அப்பத்தான் புரியும். ஃபோட்டோங்கள என் வீட்டம்மா ஒவ்வொண்ணா நின்னு பாத்தாங்க, விமானத்துல அவங்களுக்கு பெருசா ஆர்வம் இல்ல, ஆனா அந்த 25, 26 வயசு பசங்க முகத்த பாத்துட்டு "இவங்க அம்மாவுக்கெல்லாம் இவங்க என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சிருக்குமா"ன்னு கேட்டாங்க. எனக்கும் பதில் சொல்ல தெரியல.

டீ காபிக்கு உள்ளயே சின்ன கஃபே இருக்கு, சாப்பாட்டுக்கு வாஸ்கோ போயிடலாம், இல்ல கீழ போக்மாலோ பீச்ல மீன் சாப்பாடு நல்லா இருக்கும்.

இனி அந்த அரை மார்க். பெரிய விமானங்க எல்லாம் திறந்தவெளிலதான் நிக்குது. கோவா மழை எப்படின்னு தெரியும், ஜூன்ல புடிச்சா செப்டம்பர் வரைக்கும் விடாது, அதோட பக்கத்துலயே கடல், உப்பு காத்து. அலுமினிய தகடுக்கும் ஆணி போட்ட ஜாயின்ட்டுக்கும் இத விட பெரிய எதிரி கிடையாது, பெயின்ட் எத்தன தடவை அடிச்சாலும் உள்ளுக்குள்ள அரிக்கறது நிக்காது. சூப்பர் கான்ஸ்டலேஷனுக்கும் சீ ஹாக்குக்கும் சீலேண்டுக்கும் தலைக்கு மேல ஒரு கூரை வேணும்ங்கறது என்னோட ஆசை, ஆசைன்னு கூட சொல்ல மாட்டேன், வேண்டுதல்தான். அது சும்மா நடக்காது, பெரிய செலவு, ஆளுங்க நெறைய வந்து பாத்தாதான் யாராவது அதுக்கு காசு ஒதுக்குவாங்க. கப்பல் ரெண்டையும் காப்பாத்த முடியாம போச்சு, இதுங்களையாவது காப்பாத்தணும். டிக்கெட் வெலை ஒண்ணும் பெருசு இல்ல, நம்ம ஊர்ல ஒரு சினிமாக்கு போற காசுல குடும்பமே பாத்துட்டு வரலாம், அதுக்காகவாவது போங்க.

போறவங்களுக்கு சில விஷயம். திங்கக்கெழமை லீவு, மத்த நாள் காலைல 9.30 மாதிரி திறந்து சாயங்காலம் 5.30 வரைக்கும், ஆனா லீவு நாள் சீசன்ல கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க. மத்தியானத்துல போகாதீங்க, விமானம் எல்லாம் வெயில்ல நிக்கறதால தகடு சூடு முகத்துல அடிக்கும், காலைல திறந்த உடனே போனா வெளிச்சமும் ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும், கூட்டமும் இருக்காது. தொப்பி, தண்ணி கட்டாயம். ஃப்ளைட் புக் பண்றப்ப கோவால இப்ப ரெண்டு ஏர்போர்ட்ங்கறத மறக்காதீங்க, மோப்பா வடக்கு கோடில இருக்கு, மியூசியத்துக்கு பக்கம் டபோலிம்தான். ரயில்ல வர்றவங்களுக்கு வேளாங்கண்ணி வாஸ்கோ வாராந்திர எக்ஸ்பிரஸ் இருக்கு, வர்ற வழில தூத்சாகர் அருவியும் பாத்துக்கலாம். வாஸ்கோ ஸ்டேஷன்ல எறங்குனா ஆட்டோ, டாக்ஸி, இல்லன்னா போக்மாலோ போற பஸ். ஏர்போர்ட்ல டாக்ஸிக்கு எங்ககிட்ட ஒருத்தர் கேட்ட ரேட்ட கேட்டா தல சுத்தும், நல்லா பேசிட்டு ஏறுங்க.

இன்னொண்ணு, சுத்தி முழுக்க கடற்படை தளம், மியூசியத்துக்கு உள்ள விமானங்கள எடுக்கறதோட நிறுத்திக்கோங்க, ரன்வே பக்கம் கேமராவ திருப்பாதீங்க. நாங்க இருந்தப்ப மிக்-29கேங்கற கடற்படை ஜெட் ஒண்ணு கிளம்புச்சு, ஹன்சாலதான் அதுங்க இருக்கு, அந்த சத்தத்துல நெஞ்சே அதிர்ந்துச்சு, பேசிட்டு இருந்த எல்லாரும் நிறுத்திட்டு மேல பாத்தோம், அத ஃபோட்டோ எடுக்க யாரும் போகல, கண்ணால பாத்ததே போதும்.

கோவா தூரம்னு நெனைக்கற சென்னைக்காரங்களுக்கு விசாகப்பட்டினம் பக்கம். அங்க ஆர்.கே. பீச்ல அரக்கோணத்துல இருந்து ஓய்வு வாங்கி போன டுப்போலெவ் 142 ஒண்ண 2017 டிசம்பர்ல இருந்து மியூசியமா வச்சிருக்காங்க, அதுக்குள்ளயே ஏறி நடக்கலாம், எதிர்ல குர்சுரா நீர்மூழ்கிக்குள்ளயும் போகலாம். உள்ள போயி பாக்கற அனுபவத்துக்கு விசாகப்பட்டினம், வகை வகையா பாக்க போக்மாலோ. எனக்கு ரெண்டுல ஒண்ணுதான்னு சொன்னா போக்மாலோதான், சீ ஹாக்குக்காக.